அறுபத்திரண்டு சின்னக் கோப்புகள்

2024 யூன் 4, செவ்வாய்

காலையில் ஒன்றரை இடியப்பம், சொதியோடு. மத்தியானம் குழைத்த சோறு, மூன்று வாய். சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை நடந்தாள். பேசவில்லை.

மனைவி சிசிலியாவைப் பற்றி இப்படி ஒவ்வொரு நாளும் குறித்துவைக்கச் சொன்னவர், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ். எனக்கு எழுத்து வராது என்றேன். எட்டு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவன். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. நோர்வேயில் இருக்கிற மகள் மேர்சிதான் வழி சொன்னாள்: "அப்பா, நீங்கள் ஃபோனுக்கு வாயாலை சொல்லுங்கோ, அது எழுதும். ஆனா எங்கடை கதை அதுக்கு விளங்காது. சுவாமி பிரசங்கம் வைக்கிற மாதிரிக் கதைக்கவேணும்."

ஆகவே சிசிலியாவுக்குக் கேட்காத தூரத்தில், வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்து முருங்கையின் கீழ் இருந்து பிரசங்கம் வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன செபநாயகம் அண்ணை, இந்த வயதிலை சுவாமியாப் போகப் போறியளோ?" என்கிறாள்.

பாரிசவாதம் வந்து இன்று ஐம்பத்தோராவது நாள். அவளால் பேச முடியாது என்றில்லை. மூன்றாம் நாள் வார்ட்டில் தண்ணீர் கேட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்து, சொல் நனைந்த துணிபோல விழுந்தது. அந்தக் குரலை அவளே கேட்டாள். அன்று மூடிய வாய். "நாக்கு அசையுது ஐயா. முதல் மூண்டு மாதம்தான் முக்கியம். இப்ப கதைக்காமல் விட்டால் பிறகு கஷ்டம்" என்றார் மிஸ். மூன்று மாதம் யூலை நடுவில் முடிகிறது.

யூன் 5, புதன்

கஞ்சி குடித்தாள். பேசவில்லை.

யூன் 9, ஞாயிறு

பூசை முடிந்த நேரம் நோர்வேயிலிருந்து மேர்சி கோல் எடுத்தாள். ஃபோனைச் சிசிலியாவின் காதருகே பிடித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்று பிள்ளை அங்கே அழுகிறாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் என்ன வெட்கம்? ஆனால் எனக்குத் தெரியும். கோயில் பூசையில் வேதவாசகம் வாசித்தவள். எங்கள் குருநகர் முழுக்க அவள் குரல் தெரியும்.

பின்னேரம் ஜஸ்ரின் வந்தான், அவளைப் பார்க்க. பஸ் நிலையத்துப் பக்கம் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். எங்கள் கேம் கடைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஓடிவந்தவனுக்கு இப்போது காதோரம் நரை.

கடை திறந்தது இரண்டாயிரத்து மூன்று, தை மாதம். திருக்கை முள் குதிகாலில் ஏறி நான் ஒரு வருடம் கடலுக்குப் போகவில்லை. கொழும்பிலிருந்து இரண்டு கேம் மெசின் வந்தது, முன்னறையில் இரண்டு ரீவி. சீடிகளில் பெயர் எழுதுபவள் அவள். எடுத்துப் போடுபவன் நான். நூற்றுப்பத்துச் சீடியையும் கீறலை வைத்தே அடையாளம் சொல்வேன். பொடியன்கள் போன பிறகு, மாலைச் செபத்துக்கு முன், அவள் அரை மணித்தியாலம் தனியாக விளையாடுவாள். நிறக்குண்டுகள் விழும், ஒரே நிறம் நாலு சேர்ந்தால் உடையும். அது ஒன்றுதான் அவளுடையது. திரும்பவும் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டின வருடம் கடையையும் பூட்டினோம்.

"சீடியள் கிடக்கோ மாமா?" என்றான் ஜஸ்ரின். அவை கிடந்த பிஸ்கற் ரின்னோடு எடுத்துக்கொண்டு போனான்.

யூன் 11, செவ்வாய்

ஜஸ்ரின் சவர்க்காரப் பெட்டியளவு ஒரு மெசினைக் கொண்டுவந்து ரீவியில் கொழுவினான். நூற்றுப்பத்துச் சீடியில் அறுபத்திரண்டுதான் உயிரோடு இருந்தனவாம். அவற்றோடு வேறு எங்கிருந்தோ எடுத்த ஆயிரம் விளையாட்டு.

"இதுக்குள்ளை எங்கடை பழைய மெசின் இருக்கோ?"

"இல்லை மாமா. பழைய மெசின் மாதிரி நடிக்கிற ஆக்கள் இருக்கினம். எமுலேற்றர் எண்டு சொல்லுறது. ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு நடிகன்."

"அப்ப படங்களை அடுக்கிக் காட்டிக்கொண்டு நிக்கிறது ஆர்?"

"அது முகப்பு. வாசலிலை நிக்கிற ஆள். நீங்கள் எதைத் தொட்டாலும், எந்த நடிகனைக் கூப்பிடவேணும் எண்டு அவருக்குத் தெரியும்."

விளங்கிவிட்டது. வலை வலித்து வந்தவன் ஒருவன், கரையில் கூறு போட்டு ஏலம் கூறுகிறவன் இன்னொருவன்.

பழைய மெசின் எழும்பும்போது வருமே, மணியும் காற்றும் கலந்த அந்தச் சத்தம், அது வந்தது. சிசிலியா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி ரீவியைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு நாளில் தானாகத் திரும்பியது இதுதான் முதல் தடவை.

யூன் 14, வெள்ளி

கூறு போடுகிறேன். சண்டை ஒரு பக்கம், கார் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். மெசினுக்குள் இருப்பதை அடுக்க, ஜஸ்ரின் தன் பழைய லப்ரொப்பை விட்டுப் போயிருக்கிறான். எங்கே அமத்த, எங்கே இழுக்க என்று ஒருமுறை காட்டினான். எனக்கு ஒருமுறை போதும்.

ஒரு சங்கடம். மற்ற ஆயிரத்துக்கும் படம் இருக்கிறது. எங்கள் அறுபத்திரண்டுக்கும் இல்லை. பெயரைப் பார்த்து இன்ரநெற்றிலிருந்து படத்தை அதுவே எடுக்குமாம். சிசிலியா சீடிகளில் ஆங்கில எழுத்தில் தன்பாட்டுக்குப் பெயர் எழுதியிருந்தாள்: சிவப்புக் கார், மொட்டைத்தலைச் சண்டை, பாம்புக் குகை. ஜஸ்ரினும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறான். இன்ரநெற்றுக்கு எங்கள் மொட்டைத்தலையை எப்படித் தெரியும்?

"இதிலை உன்ரை குண்டு விளையாட்டு எது, சிசிலி?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

யூன் 15, சனி

நல்ல வேலை நடந்தது. லப்ரொப்பில் பார்த்தால் அந்த அறுபத்திரண்டும் இரட்டையாகக் கிடந்தன. ஒரே பெயர் இரண்டு தடவை. எழுத்து வடிவம் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்தேன். பக்கத்தில் எண் இருக்கிறது, அது எனக்குத் தெரியும்: ஒன்று பெரிய எண், மற்றது ஒன்றுமில்லாத அளவு. பெரிய மீனோடு வலையில் ஏறிய குஞ்சு. கரைக்கு வருமுன் குஞ்சைத் தட்டிக் கடலில் விடுவதுதானே முறை. காலை முழுக்க இருந்து அறுபத்திரண்டு குஞ்சையும் அழித்தேன். கூறு இப்போது துப்பரவு.

புட்டு, வாழைப்பழம். பேசவில்லை.

யூன் 16, ஞாயிறு

எல்லாம் போச்சு. எங்கடை அறுபத்திரண்டும் ரீவியிலை இல்லை. அவளின்ரை விளையாட்டும் இல்லை. நான் என்ன மடையன் — கையை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதோ?

ஜஸ்ரின் பூசை முடிந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"மாமா, அந்தச் சின்னன்தான் வழிகாட்டி! பெரிசு வெறும் உடம்பு. அது எங்கை துவங்குது, எப்படி வாசிக்கிறது எண்டு நடிகனுக்குச் சொல்லுறது சின்னன். சின்னன் இல்லாட்டி முகப்பும் பெரிசைக் கணக்கெடுக்காது."

"குஞ்செண்டு நினைச்சனடா."

"குஞ்சில்லை மாமா, சுக்கான்."

சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்றே வரி. மற்ற எல்லாம் ஒரே மாதிரி, பெயர் மட்டும் பெரியதின் பெயராக இருக்க வேண்டும். ஒன்றை எழுதிக் காட்டினான். இன்றிரவு சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகிறான், வர இரண்டு கிழமை செல்லும். "வந்து செய்து தாறன், தொடாதேங்கோ" என்றான்.

இரண்டு கிழமையா? மிஸ் சொன்ன மூன்று மாதத்தில் எனக்கு இருப்பதே நாலு.

யூன் 17, திங்கள்

தொட்டேன். அவன் எழுதியதைப் பிரதி எடுக்கிற வழி நினைவிருக்கிறது. பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை அடிக்கவேண்டும். திரையில் உள்ள எழுத்தைப் பார்த்து அதே உருவத்தை லப்ரொப்பின் எழுத்துக் கட்டைகளில் தேடினேன். தூண்டில்போல் ஒன்று, பாய்மரம்போல் ஒன்று. ஆனால் திரையில் இருக்கிற உருவம் பாதி கட்டையில் இல்லை! ஆங்கிலத்தில் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறுபோல. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பெயர்கூட முடியவில்லை.

சிசிலியா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். சுவரை அல்ல.

யூன் 18, செவ்வாய்

இதை அப்படியே சொல்ல வேண்டும்.

பத்துமணி இருக்கும். என் விரல் கட்டைகளுக்கு மேலே கள்ளன் மாதிரி அலைந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ரெண்டு."

நான் திரும்பவில்லை. திரும்பினால் மூடிவிடுவாள்.

"ரெண்டு... அஞ்சு."

கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. இரண்டாம் வரி, ஐந்தாம் கட்டை. எழுத்தின் பெயரைச் சொன்னால் எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். எண் தெரியும் என்றும் தெரியும். நாற்பத்தாறு வருடம் சேர்ந்து இருந்தவள்.

அமத்தினேன். சரியான எழுத்து வந்தது.

"மேலை... மூண்டு."

வாய்க்குள் கூழ் இருக்கிற மாதிரி ஒரு குரல். என்ரை கண் மங்கினதாலை கட்டை தெரியேல்லை. "என்ன? நாலோ?" என்று கேட்டேன். "மூண்டு!" என்று அதட்டினாள்.

இன்று மூன்று பெயர். எழுத்து இருபத்தொன்பது. சொல் அதைப்போல் இரண்டு மடங்கு.

யூன் 21, வெள்ளி

பன்னிரண்டு பெயர் முடிந்தது. எனக்குக் காது மந்தமாகிவிட்டதென்று பொய் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்கிறாள். 'ஏழு' முதலில் வரவே வராது. இன்று வந்தது, அந்த ழகரத்தோடு. கோபம் வந்தால் இன்னும் தெளிவாக வருகிறது. ஆகவே வேண்டுமென்றே பிழையாகவும் அமத்துகிறேன். ஆண்டவர் மன்னிப்பார்.

யூன் 23, ஞாயிறு

மேர்சி எடுத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிசிலியா என் கையைப் பிடித்துத் தலையாட்டினாள். எண் மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. பிள்ளைக்கு எண்களையா சொல்வது? "அம்மா நித்திரை" என்றேன்.

யூன் 28, வெள்ளி

அறுபத்திரண்டும் முடிந்தது. ரீவியில் எல்லாம் திரும்பவும் வந்து நின்றன. அவளே விரலால் காட்டினாள். குண்டு விளையாட்டு.

கொன்றோலரைக் கையில் வைத்தேன். இடது பெருவிரல் அசைந்தது. வலது பெருவிரல் சொல்லுக் கேட்கவில்லை. குண்டுகள் மளமளவென்று நிறைந்து ஆட்டம் முடிந்துவிட்டது. இன்னொரு தரம். அதுவும் அப்படியே. கொன்றோலரை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜஸ்ரின் வந்தான், கொழும்பு மஸ்கற் இனிப்போடு. நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ மாமா, பேரை அடிக்கவே தேவையில்லை! பெரிசின்ரை பேரைப் பிரதி எடுத்து இதிலை ஒட்டினாச் சரி. ஒரு நிமிச வேலை —"

அவன் வாயைப் பொத்திக் கோடிப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அவளுக்குக் கேக்கச் சொல்லிப்போடாதை. உனக்குப் புண்ணியம் கிடைக்கும்."

முழிசினான். பிறகு விளங்கி, முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யூன் 30, ஞாயிறு

இரண்டு நாளாக எண்ணும் இல்லை. மேர்சி எடுத்தபோது திரும்பவும் சுவர். மஸ்கற் ஒரு துண்டு சாப்பிட்டாள். பேசவில்லை.

விளையாட்டு அவளுக்குத் தேவைப்படவில்லை. நான்தான் பிழையாக விளங்கியிருக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டது, செய்ய ஒரு வேலை. அவளில்லாமல் எனக்கு முடியாத வேலை.

யூலை 2, செவ்வாய்

அவள் கிணற்றடியில் நின்ற நேரம் இருபது சின்னக் கோப்பை அழித்தேன். இந்த முறை தெரிந்துகொண்டு.

யூலை 3, புதன்

"என்னெண்டு தெரியேல்லை சிசிலி, இருபதைக் காணேல்லை. மெசின் பழுதுபோலை" என்றேன்.

ரீவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் லப்ரொப்பைப் பார்த்தேன்.

"மெசின்... இல்லை."

சட்டை நுனியால் கட்டைகளைத் துடைத்தேன்.

"நீங்கள்... அழிச்சனியள்." மூச்சு எடுத்தாள். "காதும்... நல்லாக் கேக்கும்... உங்களுக்கு. பொய்."

வாய் கோணித்தான் இருந்தது. அதை அவள் கையால் மறைக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சரி. அடியுங்கோ. ரெண்டாம் வரி... ரெண்டு. பிழையா அமத்தினா... தலையிலை குட்டுவன்."

யூலை 5, வெள்ளி

மூன்று குட்டு.

யூலை 7, ஞாயிறு

காலையில் இரண்டு இடியப்பம். முருங்கைக்காய்க் குழம்பில் உப்புக் காணாது என்றாள்.

பூசை முடிந்து வந்து, கார் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் இப்போது கொஞ்சம் ஓட்டுவேன், ஆனால் சுவரில்தான் கொண்டுபோய் அடிக்கிறது. ஃபோன் அடித்தது. எடுத்து, "அம்மா நித்திரை" என்று சொல்லத் தொடங்கவே இடது கை ஒன்று என் முகத்துக்கு முன்னால் நீண்டது. கொடுத்தேன்.

சிசிலியா அதைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். மறுபக்கத்தில் பிள்ளை "அப்பா? அப்பா?" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது.

"அப்பா இல்லை," என்றாள். "நான்."

அங்கிருந்து வந்தது அழுகையாகத்தான் இருக்கவேண்டும். ஏனென்றால் இவள், "மூக்கைத் துடை முதல்... பேந்து கதை" என்றாள்.

பேந்து கதைத்தார்கள். நான் அழித்தது, எண் சொன்னது, காது மந்தம், குட்டு, ஒன்றையும் அவள் விடவில்லை. பாதிச் சொல் பிள்ளைக்கு விளங்கியிராது. விளங்காத இடத்தில் திரும்பவும் சொன்னாள், கோபப்படாமல். நான் முகத்தை ரீவிப்பக்கம் வைத்துக்கொண்டு காரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு. "உந்தச் சத்தத்தைக் குறையுங்கோ. பிள்ளை சொல்லுறது... கேக்கேல்லை."

குறைத்தேன்.