கோமதிநாயகத்தின் மருந்துச் சீட்டு

நாள் 212, 07:10
எழுதுவது இருதயராஜ், செவ்வாய்க் கிரக நிலையத் துணைத் தலைவர். இங்கே இருப்பது இரண்டே பேர். அழுத்தம் சரி. பிராணவாயு சரி. ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்பதாவது நாளாகப் பழுது. இருவரின் மருந்துப் பதிவேடுகளும் பூமிக்கு அனுப்பப்பட்டன. பச்சைப் பக்கத்தில் தினசரி மருந்து, சிவப்புப் பக்கத்தில் ஆபத்து வேளைக்கான விவரம். என் பச்சைப் பக்கத்தில் சர்க்கரை மாத்திரை என்று ஒரு வரி. அந்த வரியால்தான் நான் துணைத் தலைவர். கோமதிநாயகத்தின் இரண்டு பக்கத்திலும் "எதுவுமில்லை". அதனால் அவன் தலைவர்.

நாள் 212, 13:40
பூமியிலிருந்து டாக்டர் நிலோஃபர்: "கோமதி சார், உங்க ரெக்கார்டு எப்பவும் போல பளிச்சுனு இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் மாதிரியா காட்டுறோம்."
வெறுந்தாள் மாதிரியாம். வேளை, அளவு, ஒவ்வாமை என்று நான் கோடு போட்டு எழுதுகிறேன், எனக்குப் பாராட்டாக ஒரு வார்த்தை கிடையாது. அவன் மனைவி சங்கரவடிவு அவனுக்குப் பதினோரு நிமிடம் பேசி அனுப்பியிருக்கிறாள். எனக்கு என் தம்பி அனுப்பியது நாற்பது நொடி, அதில் பாதி இருமல். வயிறு எரிகிறது. சாப்பாட்டால் அல்ல.

நாள் 214, 09:25
கோமதி வெளியே வண்டியில் இருக்கிறான். வானொலியில் சொன்னது: "ஏலே இருதயம், ஒன் அலமாரியில ஒரு சீட்டு வச்சிருக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் பிரி. வேற யார்ட்டல சொல்லுவேன்?"

நாள் 214, 09:27
பிரித்துவிட்டேன். அவன் கையெழுத்து: "நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும். ஆறு வருஷமா. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வைட்டமின் டப்பாவுல இருக்கு."
ஆறு வருடம்! நான் உள்ளதை எழுதி இரண்டாம் ஆளானேன். இவன் மறைத்துத் தலைவரானான். அது என் நாற்காலி.

நாள் 217, 16:05
இன்னும் பூமிக்குச் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும், எல்லோரும் கைதட்டும் மேடையில் சீட்டை நீட்ட வேண்டும். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். இன்று தன் பங்குக் காபியையும் எனக்கே ஊற்றிக் கொடுத்தான். நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே வேண்டும்.

நாள் 221, 10:52
கோமதி விழுந்துவிட்டான். வலது கை, கால் அசைவில்லை. பேச்சில்லை. மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருப்பதாக ஸ்கேன் கருவி சொல்கிறது. பூமிக்குத் தகவல் அனுப்பினேன். போக பதினான்கு நிமிடம், வர பதினான்கு.

நாள் 221, 11:21
நிலோஃபர்: "கட்டியைக் கரைக்கிற ஊசி ரெடியா வைங்க. ஒரே கேள்வி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? எடுத்தா இந்த ஊசி உயிருக்கே ஆபத்து, வேற வழி பாக்கணும். ரெக்கார்டுல எதுவுமில்லை. கூடவே இருக்கிறது நீங்கதான். உறுதியா சொல்லுங்க."

நாள் 221, 11:24
"இல்லை" என்று அனுப்பினேன்.

நாள் 221, 11:33
அவன் பதிவேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன். மாதிரிப் பதிவேடு. நானா பொய் எழுதினேன்?

நாள் 221, 11:41
திருத்தி அனுப்பலாம். இப்போதும் அனுப்பலாம். அவன் கண் திறந்திருக்கிறது. என் சட்டைப் பையைப் பார்க்கிறான். சீட்டு அதில்தான் இருக்கிறது என்று தெரியுமோ. இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

நாள் 221, 11:52
நிலோஃபர்: "சரி இருதயராஜ் சார். உங்க வார்த்தைதான் எங்களுக்கு ஆதாரம். போடுங்க."
இருநூற்று இருபத்தொரு நாளில் முதல் தடவையாக என் வார்த்தை. போட்டேன்.

நாள் 221, 13:16
மூக்கில் ரத்தம். பிறகு வாந்தி. பிறகு ஒன்றுமில்லை. விரலை விடுவிக்கச் சிரமப்பட்டேன்.

நாள் 222, 08:30
நிலோஃபர்: "நீங்க பதறாம செஞ்சீங்க சார். இனி நீங்கதான் தலைவர்."
சங்கரவடிவு: "அண்ணே, கடைசில நீங்க பக்கத்துல இருந்தீங்களே, எனக்கு அது போதும்ணே. அவுக எப்பவும் சொல்லுவாக, இருதயம் மாதிரி உண்மையான ஆளு கெடையாதுன்னு."
சர்க்கரை மாத்திரை போட்டேனா, நினைவில்லை.

நாள் 223, 11:05
பூமி அறிவித்துவிட்டது. இந்த நிலையத்துக்கு அவன் பெயர். வாசலில் பலகை மாட்ட வேண்டுமாம். நான் கோமதிநாயகம் நிலையத்தின் தலைவராம். ஒவ்வொரு நாளும் அவன் பெயருக்குக் கீழே என் பெயர். செத்தும் அவன்தான் முதல்.

நாள் 223, 11:40
சீட்டைப் படம் எடுத்து, இந்தக் குறிப்பு முழுவதையும் ஒரு வரி விடாமல் இணைத்துவிட்டேன். அவன் மறைத்தது தெரிய வேண்டுமென்றால், நான் கொன்றதும் தெரிந்துதான் ஆக வேண்டும். தெரியட்டும். வருந்தி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பலகை மட்டும் ஏறக் கூடாது.

நாள் 223, 11:43
அனுப்பிவிட்டேன்.