இவருடைய கோட்டையும் என் முப்பது யானைகளும்

மார்ச் 2, சனி

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். சனிக்கிழமை மத்தியானங்களில் இவர் எனக்குச் சொந்தமில்லை. பள்ளிக்கூடக் கூட்டாளிகள் அஷ்ரப், பீற்றரோடு கணினியில் யுத்தம். ஐம்பது வயது மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து கோட்டை கட்டுகிறார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது.

"இருபத்தஞ்சு வருசப் பழைய கேம். அலுக்கேல்லையோ?"

"உமக்கு விளங்காது."

விளங்காதாம்!

மார்ச் 9, சனி

தெஹிவளையில் தங்கச்சி வீடு. அவளுடைய லப்டொப்பில் அதே விளையாட்டு. ஆடு பிடித்து, விறகு வெட்டி, மதில் எழுப்புவதற்குள் செத்துப்போனேன்.

மார்ச் 23, சனி

ஏழாவது சாவு. ஆனால் விளங்குகிறது. இதில் என் முறை வரட்டும் என்று ஒருவரும் காத்திருப்பதில்லை. நான் யோசிக்கும்போதே எதிரி குதிரை சேர்க்கிறான். போன ஆட்டத்தில் வென்ற வழி இந்த ஆட்டத்தில் வெல்லாது. பிறகெப்படி அலுக்கும்?

ஏப்ரல் 6, சனி

தங்கச்சியின் லப்டொப்பிலிருந்து, 'கொட்டாஞ்சேனைக் குமார்' என்ற பெயரில் இவர்களுடைய ஆட்டத்துக்குள் நுழைந்தேன். முப்பது யானை. இவருடைய கோட்டை தரைமட்டம்.

வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கு ஒருத்தன் வந்தான், துஷ்யந்தி. என்ன மூளை!"

என் மூளைக்குப் பத்தொன்பது வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் குமாருக்கு.

ஏப்ரல் 20, சனி

இவருக்கு ஆட்டத்தில் கவனமேயில்லை. மற்ற இருவரும் போனபின், "என்ன அண்ணை?" என்று குமார் எழுதிக் கேட்டான்.

"வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், தம்பி. மூண்டு மாசமாச்சு. காலமை வெளிக்கிட்டுப் பம்பலப்பிட்டி ரெயில் ஸ்டேஷன்ல போய் இருக்கிறன். மனுசிக்குச் சொல்லேல்ல."

நாசமாப் போன மனுசன்! நானெல்லோ நாள்தோறும் சோறு கட்டிக் குடுக்கிறன் — அதை ஸ்டேஷன் மர வாங்கில குந்தியிருந்தே தின்னுறார்?

"ஏன் சொல்லேல்ல?"

"அவ பகிடி பண்ணுவா. அதைத் தாங்கேலாது."

லப்டொப்பை மூடிவிட்டேன். நான் அப்படியா? — ஓம். அப்படித்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "குமார் நான்தான்" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப யானை?"

"யானையும் நான்தான்."

வாயில் நாலு பகிடி வந்தது, விழுங்கிவிட்டேன். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அழுதார். என் புதுச் சீலையில் மூக்கைத் துடைத்தார். துடைக்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

களனியில் ஒரு கம்பனியில் இவருக்கு நேர்முகத் தேர்வு. கிடைக்கவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிவிட்டார்.