வழிமொழிய ஆளில்லை

மார்ச் 4, 2014, செவ்வாய்

மாதர் சங்கக் கூட்டம். பள்ளிப் பேருந்து, கேக் போட்டிக்கு நடுவர் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ரோஸ்லின் எழுந்தாள். நோயாளிகள் வீட்டில் கஞ்சா வளர்க்க அரசு அனுமதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானமாம். அத்தனை பெண்களும் டீக்கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். ‘வழிமொழிபவர்?’ என்று தலைவி என்ற முறையில் மூன்று தடவை கேட்டேன். ஆளில்லை. தீர்மானம் விழுந்தது. என் கணவர் லயல் இந்த ஊரில் இருபத்தாறு வருடம் போலீஸ் சார்ஜென்டாக இருந்தவர். என் முகத்துக்கு நேரே இதைப் பேச அவளுக்கு என்ன துணிச்சல்.

ஏப்ரல் 1

மறுபடியும் அதே தீர்மானம். மறுபடியும் ஆளில்லை. “நாள் பாத்துத்தான் கொண்டுவந்திருக்கே, முட்டாள்கள் தினம்” என்றாள் உதவித் தலைவி தோரா. சிரித்தோம். ரோஸ்லினும் சிரித்தாள். பிறகு எல்லாருடைய கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 23

வீடு வீடாகப் போகிறாளாம். சட்டம் பற்றிப் பேச்சே எடுப்பதில்லையாம். “உங்க வீட்ல வலியில கிடந்தவங்க யாராவது உண்டா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். தோரா தன் தங்கையின் கடைசி மாதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். நாற்பது வருடப் பழக்கம், என்னிடம் அதைச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லையோ?

மே 6

மூன்றாவது தடவை. ஆளில்லை. ஆனால் இன்று கேள்விகள் வந்தன. போதை ஏறுமா, பிள்ளைகள் கையில் கிடைத்தால் என்ன செய்வது, என்று. மணியடித்துக் கூட்டத்தை முடித்தேன்.

மே 19

கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. அவள் கணவன் வின்ஸுக்கு நரம்பு நோய் என்று தெரியும். பார்த்ததில்லை. இரண்டு கால்களும் முறுக்கிக்கொண்டு கட்டில் சட்டத்தை உதைக்கின்றன. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ரோஸ்லின் ஏதோ எண்ணெயை நாக்கடியில் நாலு சொட்டு விட்டாள். அரை மணி நேரத்தில், “கோதுமை விதைச்சாச்சா, மெர்ல்? உங்க பக்கம் மழை உண்டா?” என்று கேட்கிறான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தக்காளிக்கு நடுவே மூன்று செடிகள். ஒளிக்காமல் காட்டினாள்.

சாப்பாட்டு மேஜையில் லயலிடம் சொன்னேன். ஆச்சரியத்தில்தான் சொன்னேன். ஆச்சரியத்தில்தானா?

மே 22

போலீஸ் வந்து செடிகளைப் பிடுங்கிப் போய்விட்டது. எண்ணெய்ப் புட்டியையும் விடவில்லை. ரோஸ்லின் மேல் வழக்கு.

“நீங்களா?” என்றேன்.

லயல் சூப்பிலிருந்து தலை தூக்கவில்லை. “சட்டம்னா எல்லாருக்கும்தான், மெர்ல்.”

மே 30

ஊரில் கஞ்சா என்ற பேச்சே இல்லை. ‘போட்டுக்கொடுத்தது யாரு?’ இதுதான் பேச்சு. இங்கே குடித்துவிட்டு வேலியை இடித்தவனை மன்னிப்பார்கள். ஆடு திருடியவனைக்கூட ஒரு வருடத்தில் மன்னித்தார்கள். போட்டுக்கொடுத்தவனைச் சாகும்வரை விடமாட்டார்கள். “கஞ்சா எனக்கு ஆகாது. ஆனா பக்கத்து வீட்டை எட்டிப் பாத்துப் போலீசுக்குச் சொல்றான் பாரு, அவன் அதைவிட ஆகாது” என்றார் கறிக்கடைக்காரர், எனக்கு எலும்பு நறுக்கிக்கொண்டே. ரோஸ்லினுக்குக் கதவைத் திறக்காதவர்கள் இப்போது அவள் வீட்டுக்குச் சாப்பாடு சமைத்து எடுத்துப் போகிறார்கள். போனால் வின்ஸைப் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் மறுநாளும் போகிறார்கள்.

புதுத் தபால்காரன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். யாரும் அவனுக்கு வணக்கம்கூடச் சொல்வதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. நான் இவ்வளவு கோழையா?

ஜூன் 3

ரோஸ்லின் நாலாவது தடவை எழுந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. ‘வழிமொழிபவர்?’ என்றேன். ஒருத்தியும் கோப்பைக்குள் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார்ஜென்ட் மனைவி முன்னால் யார் முந்துவது?

நாற்காலியில் இருக்கும்வரை தலைவி வழிமொழியக் கூடாது. அது விதி. “தோரா, இங்க வந்து உக்காரு” என்று எழுந்து, கீழே மற்றவர்களோடு போய் நின்றேன்.

“நான் வழிமொழியறேன். இன்னொண்ணு. தபால்காரனை விட்டுடுங்க. போட்டுக்கொடுத்த வாய் என்னோடது.”

பிறகு தோரா கையைத் தூக்கச் சொன்னாள். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஐந்து. தீர்மானம் மாநில மாநாட்டுக்குப் போகிறது.

வாசலில் ரோஸ்லின் என்னை நிறுத்தினாள். “கை தூக்கினதுக்கு நன்றி. மன்னிப்பு மட்டும் கேக்காதே. கேட்டா இப்போ தரமாட்டேன்.”

கேட்கவில்லை.

ஜூன் 4

லயல் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய்ச் சாப்பிட்டார். நான் சமையலறையில்.

ஜூன் 28, சனி

காலையில் வாசலில் ரோஸ்லின். “என் வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடக்கு. மாநாட்டுக்கு ஆதரவு திரட்ட இன்னிக்கு அடுத்த ஊர் வீடுங்களுக்குப் போகணும். நீ ஓட்டு. பேசுறது நான். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

ஆறு வீடு. நான் வாய் திறக்கவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது வீட்டுக்காரர் அவளைத் தாண்டி வண்டிக்கே வந்து குனிந்து பார்த்தார். “நீங்க சார்ஜென்ட் லயல் வீட்டம்மாதானே? நீங்க எப்படிம்மா இந்தப் பக்கம்?”

ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் வண்டிக்கு வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“சரி. சொல்லு” என்றாள்.

இறங்கினேன். “முதல்ல நான் செஞ்சதைச் சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தேன்.