மூன்றாவது பெயர்

11 ஆகஸ்ட் 1961, வெள்ளி. ஆடி அமாவாசை.

காலையில் சிராங்கூன் ரோடு கோயிலில் தர்ப்பணம். அப்பா பெயரைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா பேரு?" என்றார் ஐயர்.

ஜார்ஜ் பென்டன். இந்தத் தீவுக்கு முதலில் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களில் ஒருவர். அப்பா சாகும் முன் என்னிடம் மட்டும் சொன்ன பெயர். பின்னால் எங்கள் தெருக்காரர்கள் நின்றார்கள். பெயரை விழுங்கிவிட்டு, "தெரியலீங்க சாமி" என்றேன்.

"பரவால்ல, பரமசிவம்னு சொல்லிக்குங்க."

சொன்னேன். யாரோ ஒரு பரமசிவத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் மிச்ச எள்ளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காவல்காரர் தமிழர். "இங்க எல்லாம் வெள்ளைக்காரங்கதான் லா. யாரைத் தேடுறீங்க அண்ணே?"

"சொந்தக்காரர்."

சிரித்துவிட்டுப் போனார்.

கல்லில் பாசி. நகத்தால் சுரண்டியதும் பெயர் தெரிந்தது. கீழே மனைவி மேரி, அவள் பெற்ற பிள்ளைகள். என் தாத்தா அதில் இல்லை. தமிழச்சி பெற்ற பிள்ளையை யார் கல்லில் வெட்டுவார்கள்?

கோபம் வந்தது. இருந்தும் குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி, பெயரை உரக்கச் சொல்லி எள்ளோடு விட்டேன். தர்ப்பண நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. தெரிந்தால் ஐயர் திட்டுவார்.

வீட்டில் இதைச் சொல்ல யாரும் இல்லை. மனைவி செத்தபின் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். பிள்ளையும் இல்லை. நாளைக்கு ஐயர் கேட்கும்போது என் பெயரை விழுங்கக்கூட ஆள் கிடையாது.