பூப்போட்ட கத்தி

தென்காசி
6-8-84, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

ஆமாம், உங்கள் கத்திப் பெட்டியில் ஒரு குழி காலியாகத்தான் இருக்கிறது. ஜோத்பூரில் வாங்கி வந்தீர்களே, மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி, அதன் இடம். இன்னொரு முறை எண்ணிப் பார் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணினேன். மற்றவை எல்லாம் இருக்கின்றன. எதிலும் துரு இல்லை. சாரல் இந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. நீங்கள் அனுப்பிய துப்பாக்கி எண்ணெய் தீரப்போகிறது.

கத்தியை முதலில் எழுதிவிட்டேன். உங்கள் கடிதமும் அதைத்தான் முதலில் கேட்டது. குத்தாலிங்கம் பிழைத்தாரா என்று மூன்றாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் எல்லாம் இப்போது அந்த வரிசையில்தான் வருகிறது.

பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே போய்விட்டார்.

அத்தை ஆள் வைத்து எழுதிய கடிதத்தில் உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மீதியை நான் எழுதுகிறேன். குத்தாலிங்கம் பேரருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். உங்கள் தம்பி சொரிமுத்து சிநேகிதர்களோடு குற்றாலம் போனபோது கத்தியையும் கொண்டுபோயிருக்கிறான். காட்டுவதற்குத்தான். 'டமாஸ்கஸ்லே. இரும்ப மடிச்சு மடிச்சு அடிச்சது. எங்க அண்ணன் மிலிட்டரியில இருந்து கொண்டாந்தது' என்று விரித்து, தகட்டில் அலையலையாக ஓடும் வரியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினானாம். குத்தாலிங்கம் வாங்கிப் பார்த்துவிட்டு, 'பூப்போட்ட கத்தி வச்சிருக்கியேலே, அப்படியே ஒரு பூப்போட்ட சேலையும் கட்டிக்கிடலாம்லா' என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். குடித்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு சிற்றருவிப் பாதையில் இவன் அவரைப் பிடித்து மறுபடி அந்தப் பேச்சை எடுத்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் சட்டையைத் தானே துவைத்தான். அதுவரை அவன் ஒரு துணி துவைத்து நான் பார்த்ததில்லை. அருவியில் குளித்தேன் மதினி என்றான். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிறகு அவனே சொன்னான். 'குத்தணும்னு போகல மதினி. மடக்கத்தான் பாத்தேன். அவன் கையப் புடிச்சான். மேல வந்து விழுந்துட்டான்.' அப்படியே இருக்கலாம். இதையே போலீஸில் போய்ச் சொல் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். இப்போது கடையத்தில் உங்கள் சித்தி வீட்டில் இருக்கிறான். சிநேகிதர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லையாம். குளிக்க வந்தவர்கள் எல்லாம் வெளியூர். ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஜெயிலில் இருப்பவன் துல்கர்னைன். அருவிக்குப் போகும் வழியில் அன்னாசியும் மங்குஸ்தானும் விற்கிறவன். கூடை வைக்கும் இடத்துக்காக முந்தின நாள் குத்தாலிங்கத்தோடு சண்டை போட்டிருக்கிறான். பழம் அறுக்கிறவன், ஆகவே கத்தி அவனுடையது. கேஸ் இவ்வளவுதான்.

பண்பொழி வயலில் களை எடுத்தாயிற்று. சுடலைக்கண்ணு அண்ணாச்சி கூட நின்று பார்த்துக்கொண்டார். பின்கட்டில் ஓடு மாற்ற வேண்டும். மழை நின்ற பிறகு பார்க்கலாம்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அருவியில் தண்ணீர் குறைந்ததும், பாறை இடுக்கில் காசு தேடுகிறவர்கள் கையில் கத்தி அகப்பட்டிருக்கிறது. காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். மிலிட்டரிக்காரர் வீட்டில் இப்படிக் கத்திகள் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தை தாங்களே பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தார்கள். காலிக் குழியில் ஒரு கத்தி இருந்தது. பஜாரில் வாங்கி, புளி தேய்த்துப் பழசாக்கியது. எனக்கே அப்போதுதான் தெரியும். 'எண்ணிக்கிடுங்க, எல்லாம் இருக்கு' என்றார்கள். அவர் எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, 'நீங்க என்னம்மா சொல்லுதிய' என்று கேட்டார். வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். ஏன் வியாழக்கிழமை என்று தெரியவில்லை. வாயில் அந்தக் கிழமைதான் வந்தது.

அவர் போனதும், இதில் வரி எங்கே அத்தை என்று கேட்டேன். 'போலீஸ்காரனுக்கு வரியும் வாய்க்காலும் தெரியுமாக்கும். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருட்டி' என்றார்கள். அந்தக் கத்தியைச் சமையல்கட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். வெங்காயம் நறுக்குகிறோம். நன்றாக வெட்டுகிறது.

யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று சொல், தெரியாது என்பது பொய் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

ஒரு தகட்டில் ஓடும் வரி இன்னொரு தகட்டில் ஓடாது என்று சொல்லித் தந்தது நீங்கள். கல்யாணமான வாரம். வேறு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு லீவு முடிந்து போய்விட்டீர்கள். வாரம் தவறாமல் ஒவ்வொன்றாக விரிக்கிறேன், துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன், மடக்கி வைக்கிறேன். உங்கள் கையைவிட இவை எனக்கு அதிகம் பழக்கம்.

இன்ஸ்பெக்டர் காட்டிய கத்தியில் பிடி ஊறி உப்பியிருந்தது. தகடு முழுக்கத் துரு. துருவும் வரியோடுதான் ஏறியிருந்தது. நுனிக்குச் சற்றுக் கீழே இரண்டு அலைகள் வந்து முட்டிக்கொள்கிற மாதிரி ஓர் இடம். அதைப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று துல்கர்னைனுடைய அம்மா பாத்திமுத்து அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தார். அத்தை உள்ளே கூப்பிடவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னார். 'எம்மவன் கத்தி மரப்பிடி போட்டது தாயி. அன்னாசிக் கண்ணு தோண்டத்தான் ஆவும். நான் சொன்னா எடுபட மாட்டேங்கு. நீ சொன்னா எடுபடும்.' அழவில்லை. நானும் அழவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்கத் தெரிந்தது. வேண்டாம் என்று போய்விட்டார்.

அத்தை சொல்வதும் எனக்குப் புரியாமல் இல்லை. 'நம்ம வீட்டுப் பிள்ளைய நாமளே புடிச்சுக் கொடுக்கதா? நாளைக்குப் பெரியவன் நம்பிராசன் மிலிட்டரி உத்தியோகத்துக்கு ஒண்ணு வந்துட்டா?' என்று நாள் முழுக்கக் கேட்கிறார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரே மகன் என்றேன். 'அது அவ தலையெழுத்து' என்றார்கள். சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்கள்; அது மடியில்தான் இருந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். யோசனை ஓடவில்லை. பயம் வர வேண்டும், வரவில்லை. கோபமும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். சொரிமுத்து என்று சொல்லிப் பார்த்தேன். துல்கர்னைன் என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் பெயரையும், யாரும் இல்லாதபோது. எதுவும் வலிக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தி எது என்று மட்டும் தெரிகிறது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் காலேஜில் படித்ததில் அது இல்லை.

இது உங்கள் கைக்கு வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும். அதனால் அனுமதி கேட்டு எழுதவில்லை. என்மேல் கோபப்படுங்கள். சொரிமுத்துவைக் கைவிட்டுவிடாதீர்கள். மடக்கத்தான் பார்த்தேன் என்று என்னிடம் சொன்னதை அவன் வக்கீலிடமும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் சொல்லுவான். நான் அங்கே நிற்க முடியாது. நீங்கள்தான் நிற்க வேண்டும்.

லீவு கேளுங்கள். வரும் வழியில் எந்த ஊரிலும் இறங்கி எதுவும் வாங்க வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். வந்தால் போதும். திருமலைக் குமாரசுவாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
குழல்வாய்மொழி

9-8-84, வியாழன்

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று கோர்ட் வேலையாகப் போன இன்ஸ்பெக்டர் வரத் தாமதமாகும் என்றார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றேன். சொரிமுத்து தானாகவே வந்து சொல்லிவிட்டால் நல்லது என்று நேற்றுக் கடையத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கடையம் பஸ்கள் வந்தன. அவன் இறங்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக் கத்தி என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். யார் எடுத்துப்போனது என்று கேட்டார். சொன்னேன். மடக்கத்தான் பார்த்தேன் என்று அவன் சொன்னதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

அத்தையிடம் நானே வந்து சொன்னேன். 'அவன் உனக்கு என்னட்டி செஞ்சான்' என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அரிசி களைந்து உலை வைத்தேன்.