சிறுதேரில் அமர்ந்த பதின்மர்

இல்லை, அம்மையீர். அந்த இருக்கைகளை வைத்தவர் வெண்குன்றத்தார் அல்லர்.

விடை முதலில் நிற்கட்டும், வாழ்த்து பிறகு வரட்டும் என்று எம் கோமான் பணித்தமையால், ஓலைமுறை மாறி இவ்வரி முன்னே எழுதப்பட்டது. இனி முறைப்படி:

மேலைமலையின் பனி முதலில் இறங்கும் நாடும், வற்றாத சுனைகளின் காவலும், செம்பு விளையும் குன்றங்களின் உரிமையும் உடைய வெண்குன்ற நாட்டுக் கோ விடங்கவேள் திருவாய்மொழிய, ஓலைநாயகம் சாத்தன் மலையரையன் கேட்டு எழுதியது. உப்பளங்களுக்கும் ஏழு துறைகளுக்கும் தலைவியாய், அலை ஓயாத கருந்தாழை நாட்டைக் காத்தருளும் அரசி கொற்றிமாதேவியார் தாமே தம் கையால் பிரித்துத் தம் கண்ணால் காண்க. தங்கள் துறைகளில் மரக்கலம் குறையாதிருக்க. தங்கள் உப்பு மழைக்குத் தப்புக. தாங்கள் நீடு வாழ்க. இக்கடைசி வாழ்த்தை மும்முறை எழுதச் சொன்னார் கோமான். தாங்கள் நீடு வாழ்க. தாங்கள் நீடு வாழ்க.

தாங்கள் விடுத்த ஓலை உப்புப் படகில் ஏறி, காற்றில்லாக் கடலில் நாற்பது நாள் கிடந்து, நேற்று முன்தினம்தான் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னர்ப் புறப்பட்ட சிறுதேர்ப் பெட்டியோ, கணவாய் வழியே ஐந்தே நாளில் வந்து, ஓலைக்குப் பன்னிரண்டு நாள் முன்னரே எம் கோட்டை வாயிலில் இருந்தது. ஓலை முந்தியிருந்தால் கோமான் கணவாய்க்கு ஆள் விடுத்துத் தங்களைத் தடுத்திருப்பார். அதை எண்ணி அவர் இரண்டு நாளாக உணவு கொள்ளவில்லை.

பின்னாளில் இரு நாட்டு அவையோரும் இதைப் படிக்க நேர்ந்தால் விளங்க வேண்டுமென்பதற்காக, தாங்கள் அறிந்ததையும் எழுதுமாறு ஆணை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவாய்ப் போர் ஓய்ந்த நாளில், இரு நாட்டுக் கொல்லரும் கூடி, ஒரு முழ நீளத்தில் பித்தளையால் ஒரு நீராவிச் சிறுதேர் செய்தனர். கைப்பிடியளவு கொதிகலன், அதன் அடியில் சாராயத் திரிவிளக்கு, ஆறு சக்கரம், ஓர் உந்துதண்டு, அவ்வளவே. ஆண்டுக்கொரு முறை ஒருவன் அதைப் பெட்டியில் வைத்துத் தலைச்சுமையாகக் கணவாய் கடப்பான். பெற்ற அரசர் அதை ஒருமுறை ஓட்டி மகிழ்ந்து, தம் கையாலேயே ஒரே ஒரு மாற்றம் செய்து, மறு ஆண்டு திருப்பி அனுப்புவார். மற்றவர் வைத்ததை அவர் இசைவின்றிக் கழற்றலாகாது. ஏன் வைத்தீர் என்று கேட்கலாகாது. சுமந்து வந்தவன் தங்கினானா, திரும்பினானா என்றும் உசாவலாகாது. விருந்தாளியின் வரவு போக்கை எண்ணுவது பகைவர் வழக்கம் என்று இரு நாட்டாரும் அன்று கருதினர்.

அரசு அலுவல் முடிந்த பிற்பகல்களில் முடியைக் கழற்றி வைத்துவிட்டு அரத்தைக் கையில் எடுக்கும் இன்பத்துக்கு ஈடாக எம் கோமான் வேறொன்றையும் சொன்னதில்லை. கொதிகலனைச் சுற்றித் தேக்குப் பட்டைகளைக் கட்டிச் சூடு வெளியேறாமல் செய்தவர் அவர். உந்துதண்டு கிறீச்சிடாமலிருக்க ஆமணக்கெண்ணெய் சொட்டும் சிறு குமிழை வைத்தவர் தாங்கள். ஓர் ஆண்டு அவர் பொருத்திய பெரிய சக்கரம் சற்றே கோணி ஓட, தாங்கள் அதைத் தொடாமல், தேரின் பக்கத்தில் விரல் நீளத்தில் ஓர் ஊன்றுகோலைப் பற்றவைத்து அனுப்பினீர்கள். கோமான் மூன்று நாள் சினந்திருந்தார். நான்காம் நாள் அவையோர் முன்னிலையில் வாய்விட்டுச் சிரித்தார். தங்கள் முகத்தை அவர் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் தங்கள் அரம் இடக்கையில் ஓடுவது என்பதைக் கீறலின் சாய்வைக் கொண்டே அறிவார்.

பத்தாண்டுகளுக்கு முன் அவர் ஓர் ஊதல் செய்தார். மூன்று துளையுடையது, ஒரே ஆவியில் மூன்று குரல் எழும். அதைச் செய்ததில் தமக்கிருந்த பெருமையை இன்று தம் வாயாலேயே பழிக்கிறார். அவ்வூதலோடு தேர் கணவாய் கடந்த முதல் முறையே, அதில் ஓர் இருக்கையும், இருக்கையில் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆளும் தோன்றியதாகத் தங்கள் ஓலையால் இப்போது அறிகிறோம். அது எம் கோமான் வைத்தது என்று தாங்கள் எண்ணினீர்கள். மறு ஆண்டு தேர் இங்கு வந்தபோது ஆள் இருவராக இருக்க, இருவரும் தங்கள் கைவேலை என்று அவர் எண்ணினார். ஒவ்வொரு கடப்புக்கும் ஒருவர் கூடினார். ஒரு மாற்றமே முறையாயிருக்க இரண்டு வருகிறதே என்று இரு அரசருக்கும் தோன்றியது. இருவரும் அதை மற்றவரின் தாராளம் என்று கொண்டு, விதிக்கு அஞ்சி வாய் திறவாதிருந்தனர்.

பெட்டி சுமந்தவர் செய்தியும் அவ்வாறே. அந்தப் பத்தாண்டும் பெட்டி மட்டும் விடியலில் வாயிலில் இருந்தது. சுமந்தவனைக் கண்டவர் எவருமிலர். நாணத்தால் ஊர் திரும்பிவிட்டான் என்று பெற்றவர் எண்ணினர். விருந்து இனிதாயிருக்கவே அங்கேயே தங்கிவிட்டான் என்று விடுத்தவர் எண்ணினர். எம்மவர் ஐவர், தங்களவர் நால்வர். தங்கள் சுமையாள் ஒருவனின் மனைவி அவைக்கு வந்து, "வெண்குன்றத்துல எம் புருசனுக்கு இன்னொரு அடுப்பு எரியுதாமே, அதுக்கு விறகு மட்டும் நான் இங்கிருந்து அனுப்பணுமா?" என்று கேட்டதாகவும், அவையோர் நகைத்ததாகவும், தாங்கள் மட்டும் நகையாமல் அன்றே கணக்கு எடுக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஓலையில் விதியை முதலில் மீறிக் கேட்டவர் தாங்களே. அதற்காக எம் கோமான் தங்களை வணங்குகிறார்.

இனி இவ்வாண்டு நிகழ்ந்தது. வாயிற்காவலன் கோணன் என்பான் உறங்கினான் என்று உடனிருந்தோர் ஏளனம் செய்ய, அவன் கோமான் காலடியில் விழுந்து உரைத்ததைச் சொன்னது சொன்னபடியே எழுதுகிறோம்: "கண்ணு மூடலீங்க, சாமி. எவனும் வரலீங்க. பெட்டி இல்லாம இருந்துச்சு. அப்புறம் இருந்துச்சு. நடுவுல ஒண்ணும் இல்லீங்க."

பெட்டியின் இரு இலச்சினையும் உடையாமல் இருந்தன. உள்ளே தேரின் முகத்தில் ஒளி புகும் அப்பிரகத் தகடு பொருத்திய சிறு விளக்கைக் கண்டு, இடச்சாய்வுக் கீறலைத் தடவிப் பார்த்து, இது அரசியார் செய்தது என்று கோமான் மகிழ்ந்தார். பின்னர் பத்தாவது ஆளைக் கண்டார். முன்னவர் ஒன்பதின்மரும் ஆடவர். எதிரே நோக்கி அமர்ந்தவர்கள். இது பெண்ணுரு. இது மட்டும் உடலைத் திருப்பி, வந்த வழியைப் பார்க்கிறது. அதைக் கண்ட கோமான், இருபத்திரண்டு ஆண்டு கழித்து அரசியார் தம் முகத்தைக் காட்டியருளினார், அதுவும் நம்மைப் பாராமல் வேறெங்கோ பார்த்தபடி, என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பை இவ்வோலையிலிருந்து மறைக்க வேண்டா என்பதும் அவர் ஆணை.

முறைப்படி அன்று நண்பகலில் முற்றத்தில் நீர் ஊற்றித் திரி ஏற்றினர். ஒரு நாழிகைக்கே போதுமான நீரில் தேர் மூன்று நாழிகை ஓடியது. வளைவுகளில், வண்டியில் இருப்போர் சாய்வதுபோல் பதின்மரும் ஒருசேரச் சாய்ந்ததை அவையோர் கண்டு, என்ன கைத்திறன் என்று வியந்தனர். திரி அவிந்த பின்னும் ஊதல் ஒருமுறை ஒலித்தது. மலைப்பக்கமிருந்து ஏதோ மறுகுரல் எழுந்தது. இடி என்று எண்ணினோம். வானத்தில் மேகமில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கள் ஓலை வந்தது. கணவாய்க் குடியினர் இவ்வாண்டு சுமக்க மறுத்துவிட்டனர் என்றும், வேறு எவரையும் வற்புறுத்த மனமின்றித் தாங்களே பெட்டியைச் சுமந்து, துணையின்றிக் கணவாய் வழி வருவதாகவும், இருக்கைகளைப் பற்றி நேரில் கேட்டுவிட்டு, அந்தக் கோணல் சக்கரத்தையும் நேரில் பழிக்கப் போவதாகவும் அதில் இருந்தது. அவ்வரியைப் படித்த கோமான் ஓலையை மடியில் வைத்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

எம் சுமையாளருள் ஒருவனான மாசாத்தனுக்கு ஒரு காது இல்லை. அவன் மனைவி அழைக்கப்பட்டாள். உருப்பெருக்கும் பளிங்கை வைத்து மூன்றாம் உருவைப் பார்த்த அவள் அழவில்லை. "இவருதான். காது அறுந்த பக்கம் துண்டைத் தழைய விட்டுக்குவாரு, ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு. இங்கயும் விட்டிருக்காரு. இதை யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள். எமக்கு எவரும் சொன்னதில்லை. மற்ற நால்வரையும் அவரவர் சுற்றத்தார் அவ்வாறே அறிந்துகொண்டனர்.

கணவாய்க் காவலர் தலைவனும் உசாவப்பட்டான். பத்தாண்டாகப் பெட்டி கடக்கும் நாளில் மலைக்குள்ளிருந்து ஓர் ஊதல் கேட்கிறது என்றும், அது சிறுதேரின் மூன்று குரலேதான், ஆனால் யானைக்கன்று கூப்பிட்டதற்குத் தாய் மறுமொழி சொன்னாற்போல் பெரிது என்றும், சில ஆண்டு அப்பெருங்குரலே முந்தி எழுந்தது என்றும், சுமந்து செல்வோர் விளையாட்டாய்த் திரி ஏற்றி ஊதிப் பார்க்கிறார்கள், அதன் எதிரொலி என்று தான் எண்ணியிருந்ததாகவும் அவன் கூறினான். எதிரொலி எங்கேனும் முதற்குரலுக்கு முன்னரே வருமோ என்று கோமான் கேட்டார்.

கொல்லர் தலைவன் பெருந்தட்டான் தேரைக் கவிழ்த்துச் சோதித்தான். இருக்கைகளின் அடியில் திருகாணி இல்லை. ஒட்டவைக்கும் பற்றாசு உருகிய தடமும் இல்லை. கிளையிலிருந்து காய் விட்டதுபோல் அவ்வுருக்கள் தேரின் உடலிலிருந்தே எழுந்திருக்கின்றன. முதல் உரு கற்போல் குளிர்ந்திருக்கிறது. அடுத்தடுத்தவை ஒன்றைவிட ஒன்று சிறிதே வெம்மையானவை. பத்தாவது, காய்ச்சல் இல்லாத மனித உடம்பின் சூட்டில் இருந்தது. இருந்தது என்று எழுதக் காரணம், நேற்றைக்கு இன்று அது ஓரிழை குறைந்திருக்கிறது. கோமான் காலையும் மாலையும் தம் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்.

மெல்லிய ரம்பத்தால் இருக்கையோடு அறுத்து எடுக்கலாம் என்கிறான் பெருந்தட்டான். எடுத்தால் விடுதலையா, வெட்டா என்று கேட்டால், தான் பித்தளைக்கு வேலை கற்றவன், மற்றதற்கு அல்லன் என்கிறான். மாசாத்தன் மனைவியையும் கோமான் கேட்டார். "அறுத்தா யாருக்கு வலிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆகவே கோமான் கட்டளையிட்டவை இவை. கணவாயின் இவ்வாய் கல்லடுக்கி மூடப்படுக. அவ்வாயைத் தங்கள் காவலரும் மூடுக. தேரில் நீர் ஊற்றலும் திரி ஏற்றலும் இனி இல்லை. ஊதலின் மூன்று துளையிலும் மெழுகு இடப்பட்டது. அது சேர்த்தலேயன்றிக் கழற்றல் அன்று. இவ்வாண்டு பெட்டி திரும்பாமை உடன்படிக்கையை மீறியதாகாது என்றும், அரசியாரை வெண்குன்றம் சிறைவைத்ததாக எவரேனும் சொல்லிப் படை திரட்டினால், எம் கோமான் படைக்கலமின்றித் தங்கள் துறைக்கு வந்து நின்று விடை சொல்வார் என்றும் தங்கள் அவைக்கு அறிவிக்கப்படுக. இவ்வோலை கோமானின் விரைகலத்தில் இருபது நாளில் தங்களை அடையும். இதைத் தாங்களன்றி வேறெவரும் பிரிக்கலாகாது.

அவ்வுருவைத் தாங்கள் காணவில்லை. ஆதலால் கண்டவாறு எழுதுகிறோம். கொண்டை இடப்பக்கம் சரிந்திருக்கிறது. வலப்புருவத்தில் ஒரு சிறு வெட்டுத்தழும்பு. காலில் செருப்பு ஒன்றே, மற்றது இல்லை. வாய் சற்றே திறந்திருக்கிறது, யாரையோ பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியவர்போல. மடியில் அரம் ஒன்று, இடக்கையில் பற்றியபடி.

இது தாங்கள் அல்ல என்றால், தாங்கள் வழியில் மனம் மாறி அரண்மனை திரும்பியிருந்தால், பெட்டியை வேறொருத்தியிடம் கொடுத்திருந்தால், எம் கோமானின் அச்சத்தைக் கண்டு தாங்கள் நகைக்கலாம். அந்த நகைப்பை அவர் வரம்போல ஏற்பார்.

இருபத்திரண்டாம் உடன்படிக்கை ஆண்டு, மாரி நீங்கிய வளர்பிறை பதினான்காம் பக்கல், முற்பகலில், மூன்று சுனை பொறித்த செம்பிலச்சினை இடப்பட்டது. கேட்டு எழுதியவன் சாத்தன் மலையரையன்.

இலச்சினைக்குக் கீழே கோமான் தம் கையால் எழுதியது:

அம்மையீர், சூடு குறைகிறது. தட்டான் ரம்பத்தோடு முற்றத்தில் நிற்கிறான். தாங்கள் வைத்ததோ, தாங்களேயோ, எதுவாயினும் தங்கள் இசைவின்றி நான் தொடமாட்டேன். அறுக்கலாமா, கூடாதா? இடக்கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.