துணி இல்லாத கடிதம்

மார்ச் 4

அன்புள்ள இவளுக்கு,

வீட்டில் "இவளே" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் எழுதவும் அதுதான் வருகிறது. இங்கே நான் நலம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உன் அக்கா எழுந்து நடக்கிறாரா?

பள்ளிக்கூட அரங்கில் திரை மாட்டினேன். ஏணிக்குக் கீழே டேப்பைப் பிடிக்க நீ இல்லை. நுனிமேல் செங்கல்லை வைத்துவிட்டு நானே ஏறி அளந்தேன். நுனி உருவிக்கொண்டு மேலே வந்ததைக் கவனிக்கவில்லை. இப்போது அத்தனை திரையும் தரைக்கு ஒரு சாண் மேலே, கணுக்கால் தெரிய நிற்கின்றன. தலைமை ஆசிரியை திட்டவில்லை. "உங்க வீட்டம்மா வரலையா?" என்று மட்டும் கேட்டார். மானம் போயிற்று.

நீ கீழே நின்று "இன்னும் இறக்குங்க" என்று சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண் இருந்ததால்தான் நம் திரைக் கடை நிற்கிறது.

எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 11

மதிப்புக்குரிய முதலாளிக்கு,

அக்கா நடக்கிறாள். திரைகளின் அடியில் கருநீலத் துணியில் கரை வைத்துத் தையுங்கள். வேண்டுமென்றே வைத்த அழகு மாதிரி இருக்கும். பாருங்கள், என்னையும் அதையே பேசவைத்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி திரை, மிச்சம் ஏணி. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. கிளம்புவதற்கு முன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேனே, நெற்றியில் கை வைப்பீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "கொக்கிய எங்க வச்சே?" என்றீர்கள்.

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. யார் கண்ணிலும் படாத உள்தையல் கோணினால்கூட முழுத் திரையையும் பிரித்துத் தைப்பீர்கள். அந்த மனுஷரைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டுக் கழுத்தை நீட்டினேன். இன்றைக்கும் அதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் கவனத்தில் கொஞ்சம் எனக்கும் வேண்டும்.

இங்கே ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் பிரிவில் வேலை தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கடையை எடுத்துவிட்டால் நமக்குள் பேச என்ன மிச்சம்? துணி இல்லாமல் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்களிடம் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் வேலை செய்தவள்

*

மார்ச் 22

அன்புள்ள இவளுக்கு,

எப்படி இருக்கிறாய்? காய்ச்சல் திரும்ப வரவில்லையே? கரை என்ன ஆயிற்று என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. தடை போட்டிருக்கிறாய், சொல்ல மாட்டேன்.

துணி இல்லாமல் எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. பயந்துவிட்டேன். எழுந்து போய் அடுப்படி ஜன்னலில், நீ தினமும் நிற்கும் இடத்தில் நின்றேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் தபால்காரர் தன் மனைவிக்குச் சைக்கிள் கற்றுத்தருகிறார். அவர் பிடியை விட்டதும் அந்த அம்மா விழுந்தார். எழுந்து அவரை ஒரு பிடி பிடித்தார். பிறகு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ இல்லை.

இத்தனை காலமும் இதையெல்லாமா பார்த்துக்கொண்டு நின்றாய்? ஏன் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது. சொல்லியிருப்பாய். என் காதில் ஏறியிருக்காது.

கொக்கி கேட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேலையை ஏற்பது உன் இஷ்டம். உன் கை கிடைக்க அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் நீ இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது. கடையைச் சொல்லவில்லை, வீட்டைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 27

என்னங்க,

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நெஜமாவே அவரா எழுதினாரு?" என்று வாங்கிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரே கடிதத்தில் நீங்கள் திருந்திவிட்டதாக நம்ப நான் ஏமாளி இல்லை. அடுத்த பெரிய வேலை வந்ததும் என்னை மறந்துபோவீர்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அப்போதும் கூட இருந்து சண்டை போட உங்களைத் தவிர வேறு ஆள் எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். கடையை மூடிவிட்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள். வண்டி ஏதும் பிடிக்க வேண்டாம், சுற்றுவழியில் நடந்தே போவோம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மனைவி